பாதி வேகத்தில் ஒரு பெருமூச்சு

ஆறு நாட்களாக வயிற்றில் கட்டி வைத்திருந்த ரகசியத்தோடு சின்னவள் ஏழாவது நாளும் எழுந்து பல் தேய்த்தாள்.

போன வாரம் வந்த அந்த போன்தான் ரகசியம். ஊர் ஊராகப் போய் வாசிக்கும் பெரிய குழு ஒன்றின் மேனேஜர் அம்மாள் அவளைக் கூப்பிட்டிருந்தாள். எட்டு மாதச் சுற்றுப்பயணம். "உங்க வேகத்துக்கு இங்க ஆளே இல்ல" என்று அந்த அம்மாள் சொன்னதைச் சின்னவளோடு சேர்ந்து அம்மாவும் கேட்டுவிட்டாள். சின்னவளின் போனைக் காதில் வைத்துப் பேச முடியாது. அவள் வேலை பார்ப்பது பல் செட் செய்யும் லேபில். பிளாஸ்டர் தூள் போய் அடைத்துக்கொண்டதிலிருந்து அவளுடைய எல்லாப் பேச்சும் ஸ்பீக்கரில்தான், ஊரறிய.

"போறியா?" என்று அம்மா அன்றைக்கே கேட்டாள்.

"அப்பா அந்த நாப்பது விநாடியை எனக்குக் குடுத்தா போகல. அக்காவுக்குக் குடுத்தா போறேன்."

"அவர்கிட்ட சொல்லிட்டாவது போயேன்."

"சொன்னா பரிதாபப்பட்டுக் குடுப்பாரு. அது எனக்கு வேண்டாம். நீ வாயத் திறக்காத."

அம்மா வாயைத் திறக்கவில்லை. அவள் டிரம்ஸ் வாசிப்பவள். எங்கே அடிக்க வேண்டும் என்பதைவிட எங்கே அடிக்கக் கூடாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மேனேஜர் அம்மாளுக்குப் பதில் சொல்ல இன்று மாலை ஐந்து மணி வரைதான் கெடு. நாற்பது விநாடி யாருக்கு என்பதை அப்பா முடிவு செய்யப் போவதும் இன்றுதான்.

அந்த நாற்பது விநாடியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அப்பா ஆம்ப்ளிஃபயர், அதாவது ஆம்ப், ரிப்பேர் செய்பவர். ஒரு காலத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தவர். இடது கையில் இரண்டு விரல் மரத்துப் போவதற்கு முந்தைய வாரம், வாழ்நாளிலேயே ஒரே ஒரு மெட்டுப் போட்டார். மெட்டின் நடுவில் கிட்டார் தனியாக வாசிக்க நாற்பது விநாடி இடம் விட்டு வைத்தார். அதை நிரப்புவதற்குள் விரல் போய்விட்டது. பன்னிரண்டு வருஷமாக அந்த இடம் காலியாகவே கிடந்தது. இன்றைக்குத்தான் ஸ்டுடியோவில் அதைப் பதிவு செய்யப் போகிறார்கள்.

வீட்டில் வாசிக்க இரண்டு மகள்கள். பெரியவள் நிறுத்தி நிதானமாக வாசிப்பாள். ஒரு கம்பியை வளைத்துப் பிடித்தால், அது அழுது முடிக்கிற வரைக்கும் விடமாட்டாள். சின்னவளின் விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போனால் நமக்குத்தான் கண் வலிக்கும்.

"பெரியவ ஒரு நோட்டு வாசிச்சா எனக்கு ஒரு வாரத்துக்குப் போதும். சின்னவ ஒரு வாரத்து நோட்டை ஒரே மூச்சுல வாசிச்சுடறா" என்பார் அப்பா. சின்னவளுக்கு அவர் வைத்த பெயர் தையல் மெஷின். நாளடைவில் அது சுருங்கி வெறும் மெஷின் ஆகிவிட்டது.

'உணர்ச்சியோட வாசி' என்று அவர் சொல்லும்போதெல்லாம் சின்னவளுக்குத் தலை சுற்றும். விரலை எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னால் வைப்பாள். எத்தனை வேகம் என்றால் அத்தனை வேகம். உணர்ச்சியை எந்தக் கம்பியில் எந்தக் கட்டையில் தேடுவது? ஒருமுறை கண்ணை மூடி, புருவத்தை நெரித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு வாசித்துப் பார்த்தாள். பாட்டு முடிந்ததும் அம்மா கரிசனமாகக் கேட்டாள்: "என்னடி, பல் வலியா? உங்க லேபுலயே காட்டேன்."

காலை ஒன்பது மணிக்கு எல்லாரும் சமையலறையில் கூடினார்கள். வீட்டிலேயே நல்ல ஸ்பீக்கர் அங்கேதான் இருந்தது. அப்பா ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அது அவருடைய வழக்கம். வாசிப்பவரின் முகத்தைப் பார்த்தால் காது கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி.

இரண்டு மகள்களும் அவரவர் வாசித்த சோலோவை முன்பே பதிவு செய்து அத்தானிடம் கொடுத்திருந்தார்கள். அத்தான் பெரியவளின் கணவர், ஸ்டுடியோவில் சவுண்ட் இன்ஜினியர். 'ஒண்ணு', 'ரெண்டு' என்று மட்டும் பெயர் வைத்து, யாருடையது எது என்று சொல்லாமல் அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, வேனைக் கழுவ வாசலுக்குப் போய்விட்டார்.

"எங்க கடையில கண் டெஸ்ட் பண்ற மாதிரியே இருக்குப்பா" என்று சிரித்தாள் பெரியவள். அவள் கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்ப்பவள். "ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா?"

"பேசாதீங்க. போடு."

அம்மா முதலாவதைப் போட்டாள்.

நிதானமான வாசிப்பு. மூன்றாவது அடியிலேயே சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது, இது அக்கா. ஒரு வாரமாகச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வளைவும் அவளுக்கு மனப்பாடம். முடிஞ்சுபோச்சு, எட்டு மாதத்துக்கு எந்தப் பெட்டியை எடுப்பது என்று அவள் மனசு அலமாரிப் பக்கம் போனது.

பாட்டு நின்றது. அப்பா சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"இது சின்னவ."

அவர் சுவரிடமே தொடர்ந்தார்.

"மெதுவா வாசிச்சா உணர்ச்சி வந்துடும்னு நினைச்சிருக்கா. பாவம், நல்லாத்தான் முயற்சி பண்ணியிருக்கா. வீட்டைச் சுத்தமாப் பெருக்கி வச்சிருக்கு. ஆனா வீட்டுல யாரும் இல்ல."

சின்னவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். பெரியவளின் சிரிப்பு பாதியில் நின்று முகத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தது.

"அடுத்தது போடு" என்றார் அப்பா.

இரண்டாவது ஓடியது. இதுவும் நிதானம்தான். லேசாகத் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல இருந்தது. ஒவ்வொரு ஒலியும் வந்து நின்று, கொஞ்சம் நடுங்கி, தயங்கி, பிறகு மனசில்லாமல் அடுத்ததற்கு இடம் விட்டது. ஓர் இடத்தில் ஒலி சரியான உயரத்துக்கு ஏறாமல் ஒரு மயிரிழை கீழேயே நின்றது. எதையோ கேட்க வந்து, கேட்காமலே திரும்பிப் போகிறவர் நிற்கிற மாதிரி. சின்னவள் அலமாரியை மறந்து ஸ்பீக்கர் பக்கம் நகர்ந்தாள். கடைசியில் கை கம்பியோடு வழுக்கி இறங்கி, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது.

அப்பா திரும்பவில்லை. அவர் தோள் குலுங்கியது.

"எண்பது விநாடி வருதே" என்றாள் அம்மா. அவள் விரல் தொடையில் தாளம் போட்டபடியே இருந்தது. "சரியா ரெட்டிப்பு."

"அதைச் சுருக்கிக்கலாம்." அப்பா எழுந்து வந்து பெரியவளின் தலையில் கையை வைத்தார். கண் கலங்கியிருந்தது. "கடைசியில ஒரு பெருமூச்சு விடுது பாரு. அதுக்காகத்தான் பன்னெண்டு வருஷம் அந்த இடத்தைக் காலியா வச்சிருந்தேன் போல. என்னை அழ வச்சுட்டியே பெரியவளே."

பெரியவள் அவர் கைக்கடியில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரிப்பா" என்றாள்.

சின்னவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்று அக்கா என்றால், இரண்டு அவளாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் அவள் இப்படி வாசிக்கவே இல்லையே! அவள் வாசித்தது எப்போதும்போல மழையடித்து ஓய்ந்த மாதிரி நாற்பது விநாடி. அப்படியானால் வாசித்தது யார்? அக்கா ஏன் 'சரிப்பா' என்றாள்?

அந்தப் பெருமூச்சு மட்டும் எங்கேயோ இடித்தது. அதை அவள் கைக்குத் தெரிந்திருந்தது.

வாசலில் அத்தான் வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். சின்னவள் ஆம்பின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தாள்.

"அத்தான், ரெண்டாவதுன்னு எதைப் போட்டுக் குடுத்தீங்க?"

"உன்னோடதுதான். ஏன், மாமா என்ன சொன்னாரு?"

"நான் அவ்வளவு மெதுவா வாசிக்கலையே."

அத்தான் ஆம்பைப் பாதியில் இறக்கி வைத்தார். தன் போனை எடுத்துத் திரையைத் தேய்த்துப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது.

"ஐயோ. உன் பதிவுல நடுவுல ஒரு டிக் சத்தம் இருந்துச்சு. அது எங்கன்னு கண்டுபிடிக்கப் பாதி வேகத்துல ஒரு காப்பி போட்டேன். சுருதி மாறாது, வேகம் மட்டும் பாதியாகும். அந்தக் காப்பிதான் போயிருக்கு." தலையில் அடித்துக்கொண்டார். "மாமா கண்டுபிடிச்சுட்டாரா?"

"அழுதாரு."

"கோவத்துலயா?"

"இல்ல. அக்கா வாசிச்சதுன்னு நினைச்சு."

அத்தான் வேனின் படியில் உட்கார்ந்துவிட்டார். "இப்ப நான் என்ன பண்ணணும்?"

"எனக்கே தெரியல அத்தான்."

நிஜமாகவே தெரியவில்லை. அது நான் என்று போய்ச் சொன்னால் நாற்பது விநாடி கிடைக்கும். ஆனால் அதே வாயால், ஆளில்லாத வீடு அக்காவுடையது என்றும் சொன்னதாகிவிடும். பன்னிரண்டு வருஷமாக உணர்ச்சிக்கு அக்கா என்று பெயர் வாங்கியவளை, சமையலறையில் நிற்க வைத்துக் காலை வாரிவிடுவதா?

இன்னொரு குழப்பமும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லக்கூட முடியாது. அதை வாசித்தபோது அவளுக்குள் எந்த உணர்ச்சியும் இல்லை. வேலைக்குக் கிளம்பும் முன் அவசரமாகப் பதிவு செய்தது அது. லேபுக்கு வந்திருந்த ஒரு பெரியவர், தன் முன்பல்லில் பழையபடி ஒரு சின்ன இடைவெளி வேண்டும், அது இல்லாவிட்டால் வீட்டுக்காரிக்கு அடையாளம் தெரியாது என்று கேட்டிருந்தார். அந்த இடைவெளியை எத்தனை அகலம் வைப்பது என்று யோசித்தபடிதான் வாசித்து முடித்தாள். அந்தப் பெருமூச்சு? கிளம்பச் சொல்லி வைத்திருந்த அலாரம் அடித்தது. அதை நிறுத்துவதற்காகக் கையை இழுத்தாள். கிட்டார் நேராகக் கம்ப்யூட்டரில் செருகியிருந்ததால் அலாரம் பதிவாகவில்லை. கை வழுக்கியது மட்டும் பதிவாகியிருக்கிறது.

அதற்குத்தான் அப்பா அழுதார்.

ஸ்டுடியோவில் பன்னிரண்டு மணிக்குள் அம்மாவின் டிரம்ஸைப் பதிவு செய்து முடித்தார்கள். மற்ற வேலைகள் மூன்று மணிக்கு முடிந்தன. மிச்சம் இருந்தது நடுவில் அந்த நாற்பது விநாடி.

நடைவழியில் காலி அட்டைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் பெரியவள் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டாவது நீதானே?"

சின்னவள் தலையாட்டினாள். "அத்தான் தப்பா பாதி வேகத்துல போட்டுட்டாரு. நீ ஏன்க்கா சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

பெரியவள்தான் முதலில் பேசினாள்.

"எப்படிச் சொல்றது? என்னோடதைக் கேட்டுட்டு வீட்டுல யாரும் இல்லன்னாரு. ஆனா அவர் கை என் தலையில இருந்துச்சு. வாய் வரல." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அதை எனக்குச் சொல்லிக் குடு. நான் வாசிச்சுடறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

அநியாயமான வேண்டுகோள்தான். சின்னவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா கேட்டு அவள் எதை மறுத்திருக்கிறாள்?

மெதுவாக வாசிக்கப் பார்த்தாள். அதே கட்டை, அதே கம்பி, அதே வரிசை. ஆனால் பாதி வேகத்தில் வாசித்தால் விரல் ஒவ்வோர் இடத்திலும் போய்ச் சும்மா நின்றது. அந்த நடுக்கம் வரவில்லை. மயிரிழை கீழே நிற்க வேண்டிய ஒலி டாண் என்று சரியான உயரத்தில் போய் உட்கார்ந்தது.

"இது இல்ல" என்றாள் பெரியவள்.

"தெரியுது. வேகமா வாசிச்சாதான் அது வருது. வேகமா வாசிச்சா யாருக்கும் கேக்கல. நான் என்னக்கா பண்ணட்டும்?"

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "பெரியவளே, வா. நேரமாச்சு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியவள் கிட்டாருடன் நின்றாள். டிரம்ஸுக்குப் பின்னால் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் வேலை முடிந்துவிட்டாலும் அவளுக்குப் பிடித்த நாற்காலி அது ஒன்றுதான். இந்தப் பக்கம் அத்தான் கருவியின் முன்னால் வியர்த்துக்கொண்டிருந்தார். அப்பா கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

பெரியவள் வாசித்தாள். நன்றாகத்தான் இருந்தது.

"இல்லம்மா" என்றார் அப்பா. "காலைல வாசிச்சது வேற. மனசை விட்டு வாசி."

மறுபடியும் வாசித்தாள்.

"இல்ல. அந்த நடுக்கம் எங்க போச்சு?"

மூன்றாவது முறை பாதியிலேயே நிறுத்தினாள். ஸ்பீக்கரில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மைக்கில் அவள் குரல் அறை முழுவதும் நிறைந்தது.

"அது நான் இல்லப்பா. ஒண்ணாவதுதான் நான். வீட்டுல யாரும் இல்லன்னு சொன்னீங்களே, அந்த ஒண்ணு."

அப்பா முதல் தடவையாகக் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். அதற்குள் பெரியவள் கிட்டாரைச் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போயிருந்தாள்.

"அப்ப ரெண்டு யாரு?" அப்பா அத்தானைப் பார்த்தார். அத்தான் சின்னவளைப் பார்த்தார். சின்னவள் உள்ளே போய்த் தன் கிட்டாரைச் செருகினாள். மேனேஜர் அம்மாள் எந்த நேரமும் கூப்பிடலாம் என்பதால், அதிர மட்டும் விட்டு போனை ஆம்பின் மேல் வைத்தாள். ஸ்டுடியோவுக்குள் போனைக் கொண்டுவரக் கூடாது என்ற சட்டத்தை அத்தான் அன்றைக்குக் காற்றில் விட்டார். வேறு எதைக் கேட்கும் நிலையிலும் அவர் இல்லை.

சின்னவள் வாசித்தாள். நாற்பது விநாடி. முழு வேகம். விரல் பறந்தது.

அப்பா இல்லையென்று தலையாட்டினார். "இது வழக்கமான மெஷின்தான். என்ன விளையாடறீங்க எல்லாரும்?"

அவளுக்கு ரத்தம் கொதித்தது. பன்னிரண்டு வருஷத்துக் கொதிப்பு அது. மைக்கின் அருகே போனாள்.

"அத்தான், இப்ப வாசிச்சதை அப்படியே பாதி வேகத்துல போடுங்க."

அத்தான் போட்டார். அந்த நடுக்கம் வந்தது. தயக்கம் வந்தது. கேட்க வந்து கேட்காமல் திரும்பும் அந்த ஒலி, அதே இடத்தில், அதே மயிரிழை கீழே நின்றது. அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

முடிந்ததும் ஸ்பீக்கரையே பார்த்தார். "கடைசிப் பெருமூச்சைக் காணோம்" என்றார், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

"அது பெருமூச்சு இல்லப்பா. வேலைக்குக் கிளம்ப அலாரம் அடிச்சுது. அதை நிறுத்தக் கையை எடுத்தேன்."

அம்மா சிரிப்பை அடக்க முயன்று முடியாமல் சிம்பலைப் பிடித்துக்கொண்டாள். அப்பா சிரிக்கவில்லை. அவர் முகம் வழி தவறிய ஆளின் முகமாக இருந்தது.

"அப்ப இத்தனை வருஷமா நான் என்னத்தைக் கேட்டேன்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பெரியவ வாசிச்சதைக் கேட்டு அவ இல்லன்னேன். உன்னோடதைக் கேட்டு அவதான்னேன். காதை வச்சுத்தான் பொழப்பு நடத்தினேன்..." அவர் குரல் உடைந்தது. "எதை நினைச்சு வாசிச்சே அதை?"

ஏதாவது பெரிதாகச் சொல்லலாம்தான். அவளுக்குப் பொய் வரவில்லை. "ஒருத்தரோட பல்லைப் பத்தி யோசிச்சேன். நான் உணர்ச்சியோட வாசிச்சேன்னு என்னால சொல்ல முடியாதுப்பா. அது எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. நீங்க கேட்டீங்க. அவ்வளவுதான்."

அப்பா எழுந்தார். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, ஆம்புக்கு எதிரே, அவள் முழங்காலில் இடிக்கிற மாதிரி ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்த்து.

"முகத்தைப் பாத்தா காது கெட்டுடும்னு சொல்வீங்களே?"

"காதை மட்டும் நம்பிக் கிழிச்சது போதும்." அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "மெதுவா வாசிக்காத. நீ வாசிக்கிற மாதிரியே வாசி. எனக்குப் பிடிபடலன்னா இன்னொரு தடவை வாசி."

கண்ணாடிக்கு அப்பால் பெரியவள் திரும்பி வந்து நிற்பது தெரிந்தது. கண் சிவந்திருந்தது. அத்தானின் தோளுக்கு மேல் குனிந்து அவளே பொத்தானை அழுத்தினாள். "ரெக்கார்ட் ஆகுது, வாசி" என்று கரகரத்த குரல் ஸ்பீக்கரில் வந்தது. அதில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று சின்னவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பா மட்டுமா, இந்தக் குடும்பத்தில் யாருக்குமே சரியாகக் கேட்பதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அம்மா குச்சியால் நான்கு எண்ணிக் கொடுத்தாள்.

சின்னவள் வாசித்தாள். இந்த முறை வேறு ஒன்றையும் யோசிக்க முடியவில்லை. எதிரே அப்பாவின் முகம் இருந்தது. அவர் உதடு அவள் விரலோடு சேர்ந்து ஓடி, பின்தங்கி, மறுபடி ஓடி வந்து பிடித்தது. ஏறக்குறைய இருபதாவது விநாடியில் அந்த ஓர் ஒலி வந்தது. கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. அப்பாவின் புருவம் லேசாக உயர்ந்தது. கேட்டுவிட்டாரா? கேட்டது போலத்தான் இருந்தது. விரல் தடுமாறப் பார்த்தது. விடவில்லை.

கடைசி அடி. ஆம்பின் மேல் போன் அதிர்ந்து நகரத் தொடங்கியது. மணி ஐந்தாகப் பத்து நிமிஷம்.

கை தானாகவே கம்பியோடு வழுக்கி இறங்கி போனுக்குப் போனது.

"அதான்!" என்றார் அப்பா. முழு வேகத்தில், ஒரு நொடிகூட நீடிக்காத அந்தப் பெருமூச்சை அவர் கேட்டுவிட்டார். முகமெல்லாம் மலர்ந்து அவள் முழங்காலைத் தட்டினார். "அதான்! கேட்டுச்சு! இதுதான், இந்த இடம் உனக்குத்தான்!"

பன்னிரண்டு வருஷமாக அவள் ஏங்கிய வார்த்தை. அதைக் காதில் வாங்கவே அவளுக்கு நேரம் இல்லை. அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழைப்பைத் துண்டிக்கத்தான் கை போனதா, எடுக்கத்தான் போனதா? அவளுக்கே தெரியாது. விரல் எடுத்துவிட்டிருந்தது.

"ஹலோ" என்றது ஸ்பீக்கரில் மேனேஜர் அம்மாளின் குரல், அறை முழுக்கக் கேட்கும்படி. "பஸ்ல உங்களுக்கு சீட் போட்டாச்சு. எட்டு மாசம், நாளைக்குக் காலைல கிளம்பறோம். நீங்க இன்னும் பதிலே சொல்லல. வர்றீங்களா, இல்லையா?"

அம்மா குச்சிகளை மடியில் வைத்தாள். கண்ணாடிக்கு அப்பால் பெரியவள் நிமிர்ந்தாள். ரெக்கார்டிங் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

முழங்காலில் இருந்த அப்பாவின் கை அப்படியே நின்றது. மலர்ந்த முகம் மாற நேரமில்லாமல், அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை.